பதினெட்டு மில்லி

அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், பேச்சை நிறுத்திவிடுவாள். அந்த வித்தையில் அவளுக்குச் சரிக்குச் சரியாக நிற்க ஒருவனால்தான் முடியும். அவன் அவளுடைய சொந்தத் தம்பி. ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் ஒரு தகரத் தடுப்பை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் வேலை பார்த்தார்கள். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே வயிற்றில் பிறந்தால் இப்படித்தான் ஆகும்.

பட்டறை அவர்களுடைய அப்பா வைத்தது. அவர் போன பிறகு தடுப்பு வந்தது. இந்தப் பக்கம் அக்காவின் டிங்கரிங் வேலை: நசுங்கிய கதவு, நெளிந்த மட்கார்டு, லாரிக்காரன் இடித்துவிட்டுப் போன பானெட். அந்தப் பக்கம் தம்பியின் இன்ஜின், கியர்பாக்ஸ், சேசிஸ். ஆளுக்கொரு கேட். தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. ஆகவே அக்கா வீட்டிலிருந்து கேனில் தண்ணீர் சுமந்து வருவாள். காற்று கம்ப்ரஸர் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. ஆகவே தம்பி புதிதாக இன்னொன்று வாங்கிப் போட்டான். இரண்டு கம்ப்ரஸரும் ஒரே நேரத்தில் ஓடினால் பட்டறைக்குள் மனுஷன் நிற்க முடியாது. அதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலை இல்லை.

தவிர்க்க முடியாமல் ஒரே வண்டியில் இருவரும் கை வைக்க நேர்ந்தால், கூரையைத் தாங்கும் நடுத்தூணில் சாக்பீஸால் அளவு எழுதுவார்கள். அந்தத் தூண் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் தெரியும். எண் மட்டும்தான் எழுதுவார்கள், எழுத்து கிடையாது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததற்கு அடையாளமாகக் கீழே ஒரு கோடு இழுப்பார். வாடிக்கையாளர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தால் என்ன, வேலை சுத்தமாக இருக்கும்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. டிங்கரக்கா என்றால்தான் ஊரில் தெரியும். இவள் கை பட்ட கதவில், பள்ளத்தை மூடப் பூசும் பட்டி மொத்தமாக அப்பியிருக்காது. தகட்டையே தட்டித் தட்டிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி, அரை மில்லி மேடு எங்கே இருக்கிறது என்று சொல்லுவாள். ஆனால் முப்பது வருஷமாக அவள் செய்ததெல்லாம் யாரோ போட்ட உருவத்தைத் திரும்பக் கொண்டுவரும் வேலைதான். அவளாக ஒரு தட்டைத் தகட்டை எடுத்து, ஒன்றுமில்லாததிலிருந்து ஓர் உருவம் அடித்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை.

அப்பாவிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. தாழ்வான வண்டி, நீண்ட மூக்கு, உருண்ட பின்பக்கம். அவளுக்கு இருபத்தொரு வயதானபோது அப்பா அதைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் மோதினார். வண்டியின் வலது பின்பக்கம் சப்பையாகிவிட்டது, அப்பாவின் கையிலும் எலும்பு முறிவு. கட்டுப் போட்ட கையோடு அவர் உட்கார்ந்திருக்க, அக்கா புதுத் தகடும் மரச்சுத்தியும் மணல் மூட்டையுமாக இறங்கினாள். பத்தொன்பது வயதுத் தம்பி மணல் மூட்டையைப் பிடித்துக்கொண்டான். பதினொரு நாள் அடித்தாள். இடது பக்கத்து வளைவைக் காகிதத்தில் வெட்டி எடுத்து, அதைத் திருப்பி வைத்து வைத்துப் பார்த்து அடித்தாள். கடைசி நாள் அப்பா நல்ல கையால் ஒரு தடவு தடவிவிட்டு, “ம்” என்றார். அவர் யாரையும் அதற்குமேல் பாராட்டியது கிடையாது. அன்று மத்தியானம் அவர் கண் அயர்ந்த நேரத்தில் அக்கா அந்தத் தகட்டின் உள்பக்கம், சக்கர வளைவின் பின் ஓரத்தில், பஞ்ச் என்கிற கூர் உளியை வைத்துச் சின்னதாக மூன்று புள்ளி தட்டி வைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? வருகிறவன் போகிறவனிடமெல்லாம் “நான் அடிச்சது” என்றார். அவள் பக்கத்தில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு நிற்கும்போதே சொன்னார். இருபத்து மூன்று வருஷம் சொன்னார். அவள் மென்று விழுங்கினாள். அப்பாவை எதிர்த்துக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, அதுதான் உண்மை. அப்பா செத்த அன்று பழைய கார்ப் பிரியர் ஒருவர் துக்கம் கேட்க வந்தார். வந்தவர் சும்மா இருக்காமல், அந்த வலது பின்பக்கம் யார் கைவேலை என்று தம்பியிடம் கேட்டார். அக்கா இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தம்பி கொஞ்சம்கூட யோசிக்காமல் “அப்பா அடிச்சதுதான்” என்றான்.

மணல் மூட்டையைப் பிடித்தவனே அப்படிச் சொன்னான். அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள். அப்பாமேல் இருபத்து மூன்று வருஷமாகச் சேர்ந்த கோபத்தையும் சேர்த்து மொத்தமாகத் தம்பி தலையில் இறக்கினாள். நியாயமா என்று கேட்டால், நியாயம் இல்லைதான். ஆனால் செத்தவரோடு எப்படிச் சண்டை போடுவது? தம்பியும் சும்மா இல்லை. அவள் முறுக்கிக்கொண்டால் நான் அவளைவிட முறுக்குவேன் என்று அவனும் வாயை மூடிக்கொண்டான். எதற்காக முறுக்கினாள் என்று ஒரு நாள்கூட வந்து கேட்கவில்லை.

அப்பா போன பிறகு கை மாறிய அந்தக் காரை இப்போது ஒரு பல் டாக்டர் வாங்கினார். நல்ல மனுஷன், ஆனால் வாய் ஓயாது; மற்றவர்கள் வாயைத் திறந்து வைத்தே பழக்கமோ என்னவோ. வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது பாடி நன்றாக இருந்தது, அடியில் அதைத் தாங்கும் சேசிஸ் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. டாக்டருக்கு அதை அலங்காரமாக நிறுத்தி வைக்க விருப்பமில்லை. தினமும் ஓட்ட வேண்டும். ஆகவே பழைய பாடியை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே ஒரு புதிய சின்னச் சரக்கு வண்டியின் சேசிஸ், புது இன்ஜின், ஐந்து கியர் பெட்டி, டிஸ்க் பிரேக் எல்லாம் போட முடிவானது. வேறு பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கலாம். அந்த வண்டியின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பாடியில் எங்கேயும் வெட்டு விழக் கூடாது, சேசிஸ்தான் பாடிக்கு ஏற்றபடி வர வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லி அனுப்பினாள். அவர் தடுப்பைச் சுற்றி, ஒரு கேட் வழியாக வெளியே போய் இன்னொரு கேட் வழியாக உள்ளே போய், தம்பியிடம் சொன்னார். தம்பி சொன்ன பதிலோடு அதே வழியாகத் திரும்பி வந்தார். தகரத்தைத் தொட மாட்டேன், அளவை மட்டும் எழுதச் சொல்லுங்கள் என்றானாம். அக்கா தூணில் 2286 என்று எழுதினாள். முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய தூரம் அது. மறுநாள் காலையில் கீழே கோடு இருந்தது.

தம்பி வேலைக்காரன், சும்மா சொல்லக் கூடாது. நீளமான சேசிஸைக் குறுக்கே வெட்டி, உள்ளே ஒரு குழாயைச் செருகி, ஒட்டு தெரியாமல் வெல்டிங் வைத்தான். 2286 கொண்டுவந்துவிட்டான். ஆனால் எங்கே தப்பு செய்தான் என்றால், சேசிஸைக் கட்டையில் ஏற்றி வைத்து, பாரம் இல்லாமல் அளந்தான். பின்பக்கம் இருந்தது வளைந்த பட்டை ஸ்பிரிங். மேலே பாரம் ஏறினால் அது படியும், படிந்தால் நீளும், நீண்டால் பின் சக்கரங்கள் மாட்டிய ஆக்சிலைப் பின்னால் தள்ளும். அப்பா காலத்தில் இதை அவன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பான். பத்துப் பதினைந்து வருஷமாகச் சுருள் ஸ்பிரிங் வண்டியாகவே பார்த்துப் பார்த்து மறந்துவிட்டான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தடுப்பில் நான்கு தகரத்தைக் கழற்றி, செயின் பிளாக்கில் பாடியைத் தூக்கி, முதல்முறையாகச் சேசிஸ்மேல் இறக்கிப் பார்த்தார்கள். டாக்டர் குழந்தையாகிவிட்டார். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். அக்காவின் கண் நேராகப் பின் சக்கரத்துக்குப் போனது. சக்கரம் வளைவின் நடுவில் இல்லை, பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது. தம்பி கை கழுவப் போன நேரம் பார்த்து அவள் தூக்குக்குண்டு விட்டு அளந்தாள். பதினெட்டு மில்லி.

தம்பியும் பார்த்தான். திரும்பி வந்தவன் டயருக்கு முன்னால் இருந்த சந்தில் விரலை விட்டான், பின்னால் இருந்த சந்தில் விரலை விட்டான். முகம் ஒரு மாதிரி ஆனது. டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். மறுபடி பாடியைத் தூக்கி அக்கா பக்கம் மரச்சட்டத்தில் வைத்தார்கள், சேசிஸ் தம்பி பக்கம் போனது, நான்கு தகரத்தையும் மாட்டியாகிவிட்டது. தூணில் மட்டும் பதினெட்டு என்ற எண்ணை இரண்டு பேரில் ஒருவரும் எழுதவில்லை.

அக்கா இரண்டு நாள் காத்தாள். தப்பு அவனுடையது, அவன்தான் எழுத வேண்டும் என்று காத்தாள். செவ்வாய்க்கிழமையும் தூண் வெறுமையாக இருந்தது. வேண்டுமென்றே செய்கிறான், நானே போய்க் கெஞ்ச வேண்டும், அப்போது தகரத்தை வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிடுவான், எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் செய்கிறான் என்று அவளாகவே ஒரு கதை கட்டி, அதை அவளாகவே நம்பினாள். அவள் கணவர் தையல்காரர், அதிகம் பேசாதவர். சாப்பிடும்போது விஷயத்தைக் கேட்டுவிட்டு, “போய் ஒரு வார்த்தை சொல்லேன். இல்ல, அந்தத் தூண்லயாவது எழுதேன்” என்றார். அவனிடம் போய் நிற்பதைவிடக் கையை வெட்டிக்கொள்வேன் என்றாள் அவள். “கையை வெட்டினாலும் சரி, துணியை வெட்டினாலும் சரி, வெட்டினது வெட்டினதுதான்” என்று சொல்லிவிட்டு அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

புதன்கிழமை மத்தியானம் அவள் தகடு அறுக்கும் கிரைண்டரை எடுத்தாள்.

வீம்பு ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று பாருங்கள். பாடியில் எங்கேயும் வெட்டு விழக் கூடாது என்று நிபந்தனை போட்டவளே, தான் அடித்த அந்தத் தகட்டை, அந்த ஒரே தகட்டை, வெட்டினாள். இடது பக்கம் கம்பெனித் தகடு. அதையும் வெட்டினாள், ஆனால் அது வலிக்கவில்லை. வளைவின் பின் ஓரத்தில் பதினெட்டு மில்லி அகலத்துக்குப் பட்டையாக அறுத்து எடுத்துவிட்டு, முன் ஓரத்தில் அதே அளவு புதுத் தகடு சேர்த்து வெல்டிங் வைத்தாள். அறுத்து எடுத்த பட்டையில்தான் மூன்று புள்ளியும் இருந்தது. அதைக் கீழே போட மனசு வரவில்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். வெல்டிங் முகமூடிக்குள் அவள் அழுதாள். அழுதுகொண்டே வைத்த வெல்டிங்கும் நேராகத்தான் இருந்தது. பிறகு தேய்த்து, மட்டம் பார்த்து, பிரைமர் அடித்து மூடினாள். யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரிய வேண்டாம், அவன் தப்பை அவனைக் கேட்காமலே நான் சரிசெய்துவிட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தாள்.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தம்பி திங்கட்கிழமை காலையிலேயே ஸ்பிரிங்மேல் ஆக்சில் உட்காரும் இடத்தில் புது ஓட்டை போட்டு, ஆக்சிலைப் பதினெட்டு மில்லி முன்னால் நகர்த்தி முடுக்கியிருந்தான். அவனுக்கும் அதே வீம்பு. தப்பு செய்துவிட்டேன் என்று அக்காவுக்கு எழுதிக் காட்டுவதாவது, காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்று முடித்துவிட்டான். எழுதியிருந்தால் ஒரு எண். ஒரு கோடு. அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

மூன்று வாரம் கழித்து மறுபடி நான்கு தகரத்தைக் கழற்றினார்கள். டாக்டர் இந்தமுறை மனைவியையும் கூட்டிவருவதாக இருந்தார். நல்லவேளை, அந்த அம்மாவுக்கு வேறு வேலை வந்துவிட்டது. பாடி இறங்கி உட்கார்ந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். சக்கரம் இப்போது வளைவின் முன்பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. திசை மாற்றி வெட்டிவிட்டேனா என்றுதான் முதலில் நினைத்தாள். முப்பது வருஷம் தொழில் பார்த்தவள் முன் எது பின் எது என்று தெரியாமல் வெட்டினாளா?

“போன தடவை பின்னால இருந்த மாதிரி இருந்துச்சு. இப்ப முன்னால இருக்கே” என்றார் டாக்டர். அவர் கண்ணுக்கும் அது தெரிந்திருக்கிறது பாருங்கள். எந்தப் பக்கமும் சேராதவர் அவர் ஒருவர்தான், அவராவது அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் திறந்த வாய்.

தம்பி பலகையில் படுத்து வண்டிக்கு அடியில் போனான். விளக்கை அடித்து வளைவின் உள்பக்கம் பார்த்தான். வெளிப்பக்கம்தான் அவள் தேய்த்து மூடியிருந்தாள். உள்பக்கம் வெல்டிங் கோடு அப்படியே தெரிந்தது. பின் ஓரத்தை விரலால் தடவித் தேடினான். பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

“மூணு புள்ளி எங்க?”

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அக்கா செயின் பிளாக்கின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் புள்ளிகளைப் பற்றி அவள் கணவரிடம்கூடச் சொன்னது கிடையாது. “உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

“பக்கத்துல மணல் மூட்டையைப் பிடிச்சிட்டு இருந்தது யாரு?”

அவன் வெளியே வந்து எழுந்து நின்றான். அவள் கோட்டுப் பையிலிருந்து அந்தப் பட்டையை எடுத்து அவன் காலடியில் விட்டெறிந்தாள். சிமெண்டுத் தரையில் அது கிணுகிணுவென்று போய்ச் சக்கரத்தில் இடித்து நின்றது. டாக்டர் ஒரு எட்டுப் பின்னால் போனார்.

“தெரிஞ்சிருந்தும்தானே அன்னிக்கு அப்பா அடிச்சதுன்னு சொன்னே?” என்று கேட்டாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. “பின்னால நின்னுட்டுதானே இருந்தேன்?”

“அப்பா பொணமா உள்ள கிடந்தாரு. அந்த நேரத்துல ஒரு ஆள் வந்து கேக்கறான். எங்கப்பா இருபத்து மூணு வருஷம் பொய் சொன்னாருன்னு சொல்லச் சொல்றியா?”

“அவர் பொய்யனாகக் கூடாது. நான் இல்லாதவளாப் போகலாம். அப்படித்தானே?”

தம்பி குனிந்து பட்டையை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் புள்ளிகளைப் பார்த்தான். பிறகு, பதினெட்டு மில்லி பின்னால் இருக்கிறது என்று ஒரு எண் எழுதியிருந்தால் இதை வெட்டியிருக்க வேண்டாமே, நான் அந்தத் திங்கட்கிழமையே ஆக்சிலை நகர்த்திவிட்டேனே என்றான். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. தப்பு செய்தவன் நீ, எழுத வேண்டியவனும் நீதான் என்று அவள் திருப்பிச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, சாக்பீஸ் இரண்டு பக்கமும்தான் இருந்தது.

ஆக்சிலைப் பழைய ஓட்டைக்கே கொண்டுபோய்விடுகிறேன், அரை நாள் வேலை என்று தம்பி டாக்டரைப் பார்த்துச் சொன்னான். அப்படியே செய்தான். சக்கரம் வளைவின் நடுவில் வந்து உட்கார்ந்தது. அந்த ரக வண்டிகளிலேயே பதினெட்டு மில்லி நீளமான வண்டி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். அவன் செய்த தப்பை அரை நாளில் திருப்பிப் போட முடிந்தது. அவள் செய்ததைத் திருப்ப முடியாது. பெயிண்ட் அடித்து முடிக்கும்வரை இருவரும் மறுபடி தூணில்தான் பேசினார்கள்.

இப்படி அடியோடு மாற்றிய வண்டியைப் பதிவு ஆபீசில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். எந்தப் பாகம் பழையது, எது புதியது, யார் செய்தது என்று ஆய்வாளர் ஒவ்வொன்றாகக் கேட்டுப் படிவத்தில் எழுதுவார். டாக்டர் இரண்டு பேரையும் வரச் சொன்னார். அக்கா பஸ்ஸில் போனாள். தம்பி காரை ஓட்டிக்கொண்டு வந்தான்.

ஆய்வாளர் கண்டிப்பானவர். சேசிஸ் எண்ணைப் பார்த்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார், தம்பியைப் பிடித்து அரை மணி நேரம் குடைந்தார். பிறகு பாடிக்கு வந்தார். வலது பின்பக்கத்தில் அவர் கை நின்றது. இரண்டு தடவை தடவினார். இது கம்பெனியில் வந்ததா, வெளியில் அடித்ததா என்று கேட்டார்.

“எங்க அக்கா அடிச்சது” என்றான் தம்பி. “அவங்களுக்கு அப்ப இருபத்தொரு வயசு. மெஷின் எல்லாம் கிடையாது, மரச்சுத்திதான். பதினோரு நாள் அடிச்சாங்க. நான் கூட இருந்தேன்.”

முப்பத்திரண்டு வருஷமாக இந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். வந்தால் எப்படி இருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். இப்போது வந்தபோது வயிற்றெரிச்சல்தான் வந்தது. தகடு முழுசாக இருந்த காலமெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, அதைத் துண்டு போட்ட பிறகு சொல்கிறான்.

“வெட்டினதும் நான்தான்” என்றாள் ஆய்வாளரிடம். “அதையும் எழுதிக்குங்க.”

ஆய்வாளர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதற்குக் கட்டம் இல்லை என்றார். செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு அடுத்த பாகத்துக்குப் போனார். டாக்டர் அவர் பின்னாலேயே போனார்.

அக்கா தம்பி பக்கம் கையை நீட்டினாள். “அதைக் கொடு.”

எதை என்று அவன் கேட்கவில்லை. அன்று பட்டறையில் குனிந்து எடுத்த பட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கி விரலால் தடவினாள். மூன்று புள்ளியும் இருந்தது. ஆனால் கிரைண்டரில் அறுத்த தகட்டின் ஓரம் கையைக் கிழிக்க வேண்டும், இது கிழிக்கவில்லை. சுற்றிலும் அரம் போட்டு, மூலையைக்கூட விடாமல் வழவழவென்று தேய்த்திருந்தது.

“யாரு உன்னை அரம் போடச் சொன்னா?” என்றாள்.

தம்பி காரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பட்டையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போனாள்.